ஸ்பானிஷில் கடத்தல் சொற்களை எப்படிப் படிப்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஸ்பானிஷ் ஓரளவு வாசிக்க வருகிறது. ஆனால் கடத்தல், கள்ளச்சந்தை, சுங்கச் சோதனை பற்றிய செய்தி வந்தால் தடுமாறிப் போகிறேன். ஸ்பெயின் பத்திரிகையில் ஒரு சொல், மெக்சிகோவில் வேறு சொல், கொலம்பியாவில் இன்னொன்று. அகராதியும் பாதி நேரம் கைவிடுகிறது. இவற்றை மொத்தமாக ஒரு பட்டியலாகத் தர முடியுமா?"

தரலாம். ஆனால் அந்தப் பட்டியல் உங்களுக்கு உதவாது. ஸ்பானிஷில் கடத்தலுக்கான பொதுச் சொற்கள் பத்துப் பதினைந்துதான். ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். மீதி நூற்றுக்கணக்கான சொற்களில் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் எல்லையில், ஏதோ ஒரு சரக்கின் மேல் அரசு வரியோ தடையோ போட்ட காலத்தில் பிறந்தது. எந்த எல்லை, என்ன சரக்கு, ஏன் தடை என்ற மூன்றும் தெரிந்தால் சொல் தானாக நிற்கும். தெரியாவிட்டால் எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் நழுவும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள் போதைப்பொருள் கும்பல்களின் கொச்சையிலிருந்து தொடங்குகிறார்கள். அது தவறான வாசல். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் எல்லை தாண்டியவை காப்பி, கோதுமை மாவு, சிகரெட், பெட்ரோல், டி.வி., பழைய கார். மொழி செழித்ததும் இந்தச் சாதாரணச் சரக்குகளைச் சுற்றித்தான். காப்பியிலிருந்தும் ரொட்டியிலிருந்தும் தொடங்குங்கள்.

அதற்கு முன் தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நாம் 'கடத்தல்' என்ற ஒரே சொல்லால் தங்கக் கடத்தலையும் குழந்தைக் கடத்தலையும் சொல்லிவிடுகிறோம். ஸ்பானிஷ் அப்படி விடாது. வரி கட்டாமல், அல்லது தடையை மீறிச் சரக்கை எல்லை தாண்டிக் கொண்டுபோவது 'கொன்த்ரபாந்தோ'. அரசின் முரசறிவிப்புக்குப் பெயர் 'பாந்தோ'. அதற்கு எதிரானது என்பது சொல்லின் பொருள். சட்டவிரோதச் சரக்கில் வணிகம் செய்வது 'த்ராஃபிக்கோ': ஆயுதம், போதைப்பொருள், காட்டுயிர், தொல்பொருள் எல்லாம் இதில் வரும். ஆளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பணம் கேட்பது 'செகுவேஸ்த்ரோ'. மனிதர்களைச் சுரண்டலுக்காக வாங்கி விற்பது 'த்ராத்தா'.

கடைசிச் சொல்லில் மிகுந்த கவனம் வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஒருவரை எல்லை தாண்டவைப்பது 'த்ராஃபிக்கோ தே மிக்ரான்தெஸ்'. அங்கே குற்றம் அரசின் எல்லைச் சட்டத்துக்கு எதிரானது. ஒருவரை ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுபோய்க் கொத்தடிமையாகவோ பாலியல் தொழிலிலோ தள்ளுவது 'த்ராத்தா தே பெர்ஸோனாஸ்'. அங்கே குற்றம் அந்த மனிதருக்கு எதிரானது. 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. பலேர்மோ உடன்பாட்டு நெறிமுறைகளே இரண்டையும் தனித்தனி ஆவணங்களாகப் பிரித்தன. தமிழில் இரண்டுக்கும் 'ஆள்கடத்தல்' என்று எழுதும் பழக்கம் நமக்கு இருப்பதால், மொழிபெயர்க்கும்போது பாதிக்கப்பட்டவரைக் குற்றவாளிபோலக் காட்டிவிடும் ஆபத்து உண்டு. மற்ற சொற்களைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

'செகுவேஸ்த்ரோ'வுக்கும் ஓர் எச்சரிக்கை. அர்ஜென்டினா செய்தியில் "போலீஸ் 200 கிலோ கஞ்சாவை 'செகுவெஸ்த்ரோ' செய்தது" என்கிற மாதிரி வாசித்தால் திகைக்க வேண்டாம். அங்கே அந்த வினைக்குப் பறிமுதல் என்ற பொருளும் உண்டு.

உச்சரிப்பைப் பொறுத்தவரை தமிழ் நாக்கு நமக்குக் கைகொடுக்கிறது. சுங்கச்சாவடிக்கு ஸ்பானிஷில் 'அதுவானா'. அதில் வரும் 'த', நம் 'அது'வில் வரும் அதே மெல்லிய 'த'. உயிரெழுத்துகளுக்கு நடுவே இந்த ஒலி இளகும் பழக்கம் இரு மொழிக்கும் பொது. வன்மையாக ஒலிக்க வேண்டிய இடங்களை இங்கே இரட்டித்து எழுதியிருக்கிறேன். அப்படியே வாசித்தால் போதும். 'அதுவானா' நமக்கு முற்றிலும் அந்நியமும் இல்லை. அரபு 'தீவான்' ஆண்டலூசியா வழியாக ஸ்பானிஷுக்குப் போய் 'அதுவானா' ஆனது; அதே சொல் பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து திருவிதாங்கூர் திவான், மைசூர் திவான் ஆனது. கணக்கு எழுதும் அலுவலகம் என்பது இரண்டுக்கும் அடியில் இருக்கிற பொருள்.

இனி ஒரு செய்தித் தலைப்பைப் பிரித்துப் பார்ப்போம். ஸ்பெயின் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வரும் அச்சு இது: "லா குவார்தியா சிவில் ஸே இன்கவுத்தா தே உன் அலீஹோ தே தபாக்கோ என் லா லீனேயா". லா லீனேயா என்பது, ஸ்பெயினின் தெற்கு முனையில் பிரிட்டன் வசமிருக்கும் ஜிப்ரால்டரை ஒட்டிய ஊர். அங்கே குவார்தியா சிவில் என்ற ஸ்பெயினின் காவல் படை ஒரு புகையிலைக் கடத்தல் சரக்கைப் பறிமுதல் செய்தது என்பது செய்தி. 'அலீஹோ' என்பதை அகராதி 'கடத்தல் சரக்கு' என்று முடித்துவிடும். அதன் பின்னால் 'அலிஹார்' என்ற கப்பல்காரர்களின் வினை இருக்கிறது: கப்பலின் பாரத்தைக் குறைப்பது. கரைக்கு வராமல் கடலிலேயே சிறு படகுகளில் சரக்கை இறக்கிப் பாரம் குறைத்ததுதான் கடத்தலின் பழைய வழி. அதனால்தான் இன்றும் 'அலீஹோ' என்றால் ஒரே தடவையில் இறக்கிய மொத்தச் சரக்கு. பையில் இருக்கும் இரண்டு பாக்கெட் சிகரெட்டுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

'இன்கவுத்தார்ஸே தே' என்பது 'தே' என்ற இடைச்சொல்லோடு வருவதே மரபான வழக்கு. அது இல்லாமலும் இப்போது எழுதுகிறார்கள். இதே இடத்தில் போலீஸ் அறிக்கைகள் 'இன்தெர்வெனீர்' என்றும் எழுதும். ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படித்தவர்கள் இதைத் 'தலையிடுவது' என்று எடுத்துக்கொண்டு வாக்கியத்தையே தொலைத்துவிடுவார்கள். "போலீஸ் 30 கிலோவை 'இன்தெர்வெனீர்' செய்தது" என்றால் கைப்பற்றியது என்று பொருள். கும்பலைப் பிடித்த செய்தியில் 'தெஸார்த்திகுலார்' வரும்: மூட்டு மூட்டாகக் கழற்றுவது, அதாவது கும்பலைக் கலைத்து முடக்குவது. 'தெக்கொமீஸோ' என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. ஸ்பெயினில் அது நீதிமன்றம் தீர்ப்பில் சரக்கையோ சொத்தையோ நிரந்தரமாக அரசுடைமை ஆக்குவது. லத்தீன் அமெரிக்கப் பத்திரிகைகளில் சாதாரணப் பறிமுதலையே அப்படி எழுதுவார்கள்.

சட்டத்தில் இன்னொரு கோடும் இருக்கிறது. ஸ்பெயினின் 1995-ஆம் ஆண்டுக் கடத்தல் ஒழிப்புச் சட்டம், பின்னால் வந்த திருத்தத்துடன், சாதாரணச் சரக்கு 1,50,000 யூரோ மதிப்பைத் தொட்டால்தான் 'தெலீத்தோ', அதாவது குற்றவியல் குற்றம் என்கிறது. புகையிலைக்கு மட்டும் அந்த வரம்பு 15,000 யூரோ. அதற்குக் கீழே இருந்தால் 'இன்ஃப்ரக்ஸியோன்': அபராதத்தோடு முடியும் நிர்வாக மீறல். ஒரே செயலுக்கு ஒரு செய்தியில் ஒரு சொல்லும் இன்னொன்றில் வேறு சொல்லும் வருவதற்குக் காரணம் இதுதான்.

புகையிலைக்கு ஏன் தனிக் கணக்கு? ஸ்பெயினில் புகையிலை பல நூற்றாண்டுகள் அரசின் ஏகபோகம். இன்றும் அங்கே சிகரெட் விற்கும் உரிமக் கடைக்கு 'எஸ்தாங்கோ' என்றே பெயர். நீரைத் தேக்குவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த சொல் அது. விற்பனையைத் தடுத்துத் தேக்கி அரசே வைத்துக்கொண்டது என்று பொருள். தேக்கிய இடத்தில் கசிவும் இருக்கும். ஜிப்ரால்டர் வழியாகவும் வடமேற்கிலுள்ள கலீசியாவின் கடற்கரை வழியாகவும் புகையிலை கசிந்தது. கலீசியாவில் சிப்பி வளர்க்கும் மிதவைகளுக்கு 'பத்தேயா' என்று பெயர். அங்கே இறங்கிய கள்ள அமெரிக்கச் சிகரெட்டை மக்கள் 'வின்ஸ்டன் தே பத்தேயா' என்றார்கள். தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்த விசைப்படகு 'ப்லனெயதோரா'. ஊரே அதைக் கண்டும் காணாமல் இருந்தது. இதற்கு ஸ்பானிஷில் 'அஸேர் லா பீஸ்தா கோர்தா' என்பார்கள். 1980-களில் அதே படகுகளில், அதே ஆட்களில் பலர் கொக்கைன் கொண்டுவரத் தொடங்கியபோது, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள்தான் முதலில் தெருவில் இறங்கினார்கள். 1990 ஜூனில் நீதிபதி பல்தஸார் கர்ஸோன் அந்தக் கும்பல்களுக்கு எதிராக நடத்திய 'நேக்கொரா' நடவடிக்கை அதற்குப் பிறகு வந்தது.

பழைய சொற்களில் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டியது 'எஸ்த்ரபெர்லோ'. 1934-இல் ஸ்ட்ராஸ் என்ற வெளிநாட்டு வியாபாரி, உள்ளே தில்லுமுல்லு செய்யக்கூடிய ரூலெட் என்ற சூதாட்டச் சக்கரத்தின் மின்சார எந்திரம் ஒன்றை ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தார். தன் பெயரின் துண்டையும் கூட்டாளியின் பெயரின் துண்டையும் ஒட்டி அதற்கு 'ஸ்த்ரபெர்லோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஸான் செபஸ்தியான் சூதாட்ட விடுதியில் வைத்த எந்திரத்தைப் போலீஸ் நிறுத்தியது. அனுமதிக்காக அரசியல்வாதிகளுக்குக் கொடுத்த லஞ்சம் வீணான ஆத்திரத்தில் அவர் எல்லாவற்றையும் எழுத்தில் போட்டு ஜனாதிபதிக்கு அனுப்ப, 1935-இல், பலமுறை பிரதமராக இருந்த அலெஹாந்த்ரோ லெர்ரூக்ஸின் அரசியல் வாழ்க்கை அதோடு சரிந்தது. அடுத்து உள்நாட்டுப் போர் வந்தது. போர் முடிந்த 1939-இலிருந்து 1952 வரை ரேஷன். அட்டைக்குக் கிடைத்த ரொட்டியும் எண்ணெயும் போதவில்லை. கள்ள விலைக்கு விற்ற ரொட்டிக்கும் மாவுக்கும் எண்ணெய்க்கும் மக்கள் அந்த மோசடி எந்திரத்தின் பெயரையே வைத்தார்கள். பாவாடைக்குள் மாவுப் பை கட்டிக்கொண்டு ரயிலேறிய விதவைப் பெண்ணும் 'எஸ்த்ரபெர்லீஸ்தா', கிடங்கு கிடங்காகக் கோதுமையைப் பதுக்கி அதிகாரிகளின் துணையோடு பணக்காரன் ஆனவனும் 'எஸ்த்ரபெர்லீஸ்தா'. பிடிபட்டது பெரும்பாலும் முதல் வகைதான். இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்த ஸ்பானியரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். பசியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.

'தே மத்தூத்தே' என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு ஸ்பெயினில் ஊருக்குள் நுழையும் உணவுப் பொருளுக்கும் வரி உண்டு; ஊர் வாசலில் 'ஃபியெலாத்தோ' என்ற வரிச்சாவடி இருக்கும். அதை ஏய்த்துக் கொண்டுவந்த கோழியும் ஒயினும் 'மத்தூத்தே'. சாவடிகள் போய்விட்டன. ஆனால் யாருக்கும் தெரியாமல் நைசாக நுழைத்த எதற்கும், ஒரு சட்ட மசோதாவில் ஒளித்துவைத்த பிரிவுக்குக்கூட, 'தே மத்தூத்தே' என்ற தொடர் இன்னும் புழங்குகிறது.

இப்போது என் மனத்துக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன்: சுமப்பவர்களின் பெயர்கள். ஸ்பானிஷில் '-ஏரோ' என்ற விகுதி நம் '-காரர்' மாதிரி. பொருளின் பெயரோடு அதை ஒட்டினால் தொழில் செய்பவர் கிடைப்பார். கடத்தலில் இது ஒரு முழு வரைபடமே போட்டுக் காட்டுகிறது.

உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் போர்ச்சுகலின் காப்பியை ஸ்பெயினின் எஸ்த்ரெமதூரா பகுதிக்கு முதுகில் சுமந்து வந்தவர்கள் 'மொச்சிலேரோ'. 'மொச்சீலா' என்றால் முதுகுப்பை. இருட்டில், நாய்க்கும் துப்பாக்கிக்கும் பயந்து, பொட்டல் வெளியில் நடந்த ஏழைக் கூலிகள் அவர்கள். இன்று அதே சொல் பை மாட்டிக்கொண்டு ஊர்சுற்றும் இளைஞர்களைக் குறிக்கிறது. எஸ்த்ரெமதூராவின் முதியவர் ஒருவர் "என் அப்பா 'மொச்சிலேரோ'" என்றால் சுற்றுலாவைப் பற்றிப் பேசவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

உருகுவே-பிரேசில் எல்லையில் 'கிலேரோ'. கிலோக் கணக்கில் சர்க்கரை, மாதே பானம் போடும் யெர்பா இலை, சாராயம் என்று குதிரையிலும் பிறகு சைக்கிளிலும் கொண்டுவந்தவர். பெயரிலேயே 'கிலோ' இருக்கிறது. அர்ஜென்டினாவின் வட எல்லையில் 'பகயேரோ'. 'பகயோ' என்றால் மூட்டை. அர்ஜென்டினாவின் பொஸாதாஸுக்கும் பராகுவேயின் என்கர்னஸியோனுக்கும் நடுவே ஆற்றைக் கடந்து காய்கறியும் துணியும் கொண்டுவரும் பெண்கள் 'பஸேரா', கடப்பவள். கொலம்பியாவின் கூக்குத்தா நகரில் சாலையோரம் வெனிசுவேலாப் பெட்ரோலைப் பிளாஸ்டிக் கேனில் விற்றவர் 'பிம்பினேரோ'. அந்தக் கேனுக்குப் பெயர் 'பிம்பீனா'. வெனிசுவேலாவில் பெட்ரோல் தண்ணீரைவிட மலிவாக விற்ற காலத்தில் அது ஒரு நகரத்துக்கே பிழைப்பாக இருந்தது. பாலங்களைத் தவிர்த்து ஆற்றைக் கடக்கும் காட்டுப் பாதை 'த்ரோச்சா'. 2015 ஆகஸ்டில் வெனிசுவேலா எல்லையை மூடிய பிறகு இந்தச் சொல் வராத நாள் இல்லை.

வெனிசுவேலாவிலேயே அரசு மானிய விலைக்கு விற்ற மாவையும் சோப்பையும் வாங்கி எல்லைக்கு அப்பாலோ உள்ளூர்க் கள்ளச்சந்தையிலோ விற்றவர் 'பச்சக்கேரோ'. 'பச்சாக்கோ' என்பது தன் எடையைவிடப் பெரிய இலைத்துண்டைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் போகும் பெரிய எறும்பு. லத்தீன் அமெரிக்கா முழுவதும் சில்லறை சில்லறையாக நடக்கும் கடத்தலுக்குக் 'கொன்த்ரபாந்தோ ஒர்மீகா', எறும்புக் கடத்தல், என்றுதான் பெயர். சிங்கப்பூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பெட்டியில் சரக்குக் கொண்டுவருபவரை நாம் 'குருவி' என்று சொல்வதில்லையா? அந்த இடத்தில் அவர்களுக்கு எறும்பு. பெரு நாட்டின் பூனோ பகுதியில் நூற்றுக்கணக்கான லாரிகள் சேர்ந்து ஒரே கூட்டமாகச் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போனால் அது 'குலேப்ரா', பாம்பு. இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. ஒருமுறை கண்ணால் பார்த்ததுபோல் நினைத்துக்கொண்டால் போதும்.

மெக்சிகோவுக்குத் தனி நோட்டுப் போடுங்கள். அங்கே 'ஃபயூக்கா' என்பது 1970-80-களின் சொல். வெளிநாட்டு டி.வி.யும் வீடியோவும் எளிதில் இறக்குமதி ஆகாத காலத்தில், அமெரிக்க எல்லையிலிருந்து வந்து மெக்சிகோ நகரின் தெப்பீத்தோ சந்தையில் குவிந்த சரக்கு அது, விற்றவர் 'ஃபயுக்கேரோ'. 1986-இல் மெக்சிகோ காட் வணிக உடன்படிக்கையில் சேர்ந்தது, 1994-இல் வட அமெரிக்கச் சுதந்திர வணிக ஒப்பந்தம் வந்தது. கதவு திறந்ததும் 'ஃபயூக்கா' தொழில் தளர்ந்தது. சென்னை பர்மா பஜாருக்கும் தாராளமயத்துக்குப் பிறகு இதே கதைதான். கொலம்பியாவில் இதற்கு இணை 'ஸானந்த்ரெஸீத்தோ': 1953-இல் வரியில்லாத் துறைமுகமாக அறிவிக்கப்பட்ட ஸான் அந்த்ரேஸ் தீவின் பெயரைச் செல்லமாகச் சுருக்கி நகரச் சந்தைகளுக்கு வைத்த பெயர்.

அமெரிக்காவிலிருந்து முறையான பதிவில்லாமல் மெக்சிகோவுக்குள் வந்த பழைய கார் 'அவுத்தோ ச்சொக்கொலாத்தே', சாக்லேட் கார். கோணல் என்று பொருள்படும் 'ச்சுவேக்கோ'வை நாகரிகமாக மழுப்பியதில் வந்தது என்று சொல்வார்கள். எல்லை மாநிலங்களில் பள்ளி ஆசிரியரும் தச்சரும் இந்தக் காரைத்தான் ஓட்டினார்கள். லோபெஸ் ஒப்ரதோர் அரசு 2021-இல் ஆணை போட்டு அவற்றை முறைப்படுத்தத் தொடங்கியது. பொலிவியாவில் இதே காருக்கு 'ச்சூத்தோ'.

'வச்சிக்கோல்' இன்றைய மெக்சிகோவின் முக்கியமான சொல். முதலில் கலப்படச் சாராயத்துக்கு இருந்த பெயர், பிறகு கலப்பட எரிபொருளுக்கும் குழாயில் துளைபோட்டுத் திருடிய பெட்ரோலுக்கும் வந்தது. 2019 ஜனவரி 18 அன்று இதால்கோ மாநிலத்தின் த்லவெலில்பான் ஊரில் அப்படித் துளைத்த குழாயிலிருந்து பெட்ரோல் பீய்ச்சியடித்தது. குடமும் வாளியுமாக ஊர்மக்கள் ஓடினார்கள். தீப்பற்றி 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் அந்தச் சொல்லை யாரும் லேசாகச் சொல்வதில்லை. இப்போது 'வச்சிக்கோல் ஃபிஸ்கால்' என்ற தொடர் அடிக்கடி வருகிறது: டீசலைக் கொண்டுவந்து, காகிதத்தில் மசகெண்ணெய் என்றோ வேறு ஏதோ என்றோ காட்டி எரிபொருள் வரியை ஏய்ப்பது. குழாயும் இல்லை, துளையும் இல்லை. ஆனாலும் அதே பெயர்.

ஜிப்ரால்டர் நீரிணையின் இன்றைய சொற்கள் வேறு வகை. ஹஷீஷ் ஏற்றிவரும் பலமான எஞ்சின்கள் பூட்டிய ரப்பர்ப் படகு 'நார்க்கோலாஞ்ச்சா'. 2018-இல் ஸ்பெயின் இந்த வகைப் படகுகளைத் தடை செய்தது. நடுக்கடலில் காத்திருக்கும் அந்தப் படகுகளுக்குக் கேன்களில் பெட்ரோல் கொண்டுபோய்க் கொடுப்பவர் 'பெத்தக்கேரோ'. சரக்கைத் தற்காலிகமாக ஒளித்துவைக்கும் வீடு 'குவர்தெரியா'. சாதாரண ஸ்பானிஷில் அது குழந்தைகள் காப்பகம், எனவே சூழலைப் பார்த்து வாசியுங்கள். ஒரு கும்பலின் சரக்கை இன்னொரு கும்பல் பறித்தால் 'புவெல்க்கோ'. 2024 பிப்ரவரியில் பர்பாத்தே துறைமுகத்தில் ஒரு 'நார்க்கோலாஞ்ச்சா' மோதி குவார்தியா சிவில் படையினர் இருவர் இறந்தார்கள். அந்த வாரத்துச் செய்திகளை எடுத்து வாசித்தால் இந்தச் சொற்கள் அத்தனையும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

போலிச் சரக்குக்கு நாட்டுக்கொரு சொல்: அர்ஜென்டினாவில் 'த்ரூச்சோ', பெருவில் 'பாம்பா', மட்டமான சரக்குக்கு மெக்சிகோவில் 'ச்சாஃபா'. ஸ்பெயினில் தெருவில் விரிப்பு போட்டுப் போலிப் பை விற்பவர் 'மந்தேரோ'. திருட்டுப் பொருள் வாங்குபவர் அங்கே 'பெரீஸ்தா'. லஞ்சம் மெக்சிகோவில் 'மொர்தீதா', தென் அமெரிக்காவில் பரவலாகக் 'கோய்மா'. கறுப்புப் பணத்தை வெளுப்பது ஸ்பெயினில் 'ப்லாங்க்கேயோ', அமெரிக்கக் கண்டத்தில் 'லவாதோ'. கியூபாவில் கள்ளச்சந்தை 'போல்ஸா நேக்ரா'. 'த்ரொகெரியா' என்ற பலகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்: ஸ்பெயினில் அது சோப்பும் பெயின்டும் விற்கும் கடை, கொலம்பியாவில் மருந்துக்கடை.

சொல்லின் பொருளோடு அதை யார் சொல்கிறார்கள் என்பதையும் எழுதிவையுங்கள். ஸேவுத்தா, மெலில்யா என்ற இரு ஸ்பானிய நகரங்களும் மொராக்கோவை ஒட்டி இருக்கின்றன. அங்கிருந்து மொராக்கோவுக்கு உடம்பில் சுமந்து போவது பயணியின் கைச்சுமையாகவே கருதப்பட்டது. அதற்குச் சுங்கவரி இல்லை. அதனால் வணிகர்கள் மொராக்கோப் பெண்களின் முதுகில் 60 கிலோவும் அதற்கு மேலும் மூட்டை கட்டி அனுப்பினார்கள். குனிந்தபடி, முகம் தெரியாமல், கம்பி வேலியிட்ட ஒடுக்கமான வழியில் அவர்கள் வரிசையில் நின்றார்கள். நெரிசலில் சிக்கிப் பெண்கள் இறந்தார்கள். நகர நிர்வாகங்கள் இதை 'கொமேர்சியோ அத்தீப்பிக்கோ', வழக்கத்துக்கு மாறான வணிகம், என்று அழைத்தன. பத்திரிகைகள் சில 'முஹேரெஸ் மூலா', கோவேறு கழுதைப் பெண்கள், என்று எழுதின. 'போர்த்தெயதோரா', சுமைதூக்கும் பெண், என்பது நடுநிலையான சொல். நீங்கள் அதைத்தான் எழுத வேண்டும் என்பேன். 2019-இல் மொராக்கோ ஸேவுத்தா வழியை மூடியபோது அந்த வேலையும் போயிற்று. வயிற்றுக்குள் போதைப்பொருளை விழுங்கி வருபவரைக் குறிக்கும் 'மூலா'வையும் இப்படித்தான் பாருங்கள்: போலீஸ் சொல்லும் சொல் அது, தன்னை யாரும் அப்படி அழைத்துக்கொள்வதில்லை. எல்லையில் வாழ்பவர்கள் 'வேலை' என்பார்கள், 'சரக்கைக் கடத்திவிடுவது' என்ற பொருளில் 'பஸார் மெர்கதெரியா' என்பார்கள். பாஸ்க் மொழியில் கடத்தலுக்கே 'கவுலான்', இரவு வேலை, என்று பெயர்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? நோட்டை நாடுவாரியாகப் பிரிக்காமல் எல்லைவாரியாகப் பிரியுங்கள்: ஜிப்ரால்டர், போர்ச்சுகல் எல்லை, கூக்குத்தா, மெக்சிகோவின் வட எல்லை, பூனோ. ஒவ்வொரு பக்கத்திலும் சரக்கு, சுமப்பவர், பாதை, ஒளிக்கும் இடம், பிடிப்பவர் என்ற ஐந்துக்கும் சொல் தேடுங்கள். பிடிப்பவரிலும் மாற்றம் உண்டு: ஸ்பெயினில் 'கரபினேரோ' 1829-இல் தொடங்கி 1940-இல் குவார்தியா சிவிலோடு இணைக்கப்பட்ட எல்லைக் காவலர், சிலியில் இன்றைய சாதாரணப் போலீஸ்காரர், ஸ்பெயினின் மீன் சந்தையில் ஒரு பெரிய சிவப்பு இறால். பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதாமல் அதோடு வரும் வினையையும் சேர்த்து எழுதுங்கள். 'அலீஹோ'வை இறக்குவார்கள், ஒளிப்பார்கள், பறிமுதல் செய்வார்கள், 'த்ரோச்சா'வில் கடப்பார்கள்.

வாசிக்க முதலில் ஸ்பெயினின் வரித்துறையும் குவார்தியா சிவிலும் வெளியிடும் செய்திக்குறிப்புகளை எடுங்கள். வாக்கியங்கள் ஒரே அச்சில் இருப்பதால் பத்துக் குறிப்பு வாசித்தால் பதினோராவது தானாகப் புரியும். அடுத்து கூக்குத்தா, பூனோ போன்ற எல்லை ஊர்களின் உள்ளூர்ப் பத்திரிகைகள். தலைநகரப் பத்திரிகைகளில் இந்தச் சொற்கள் மேற்கோள் குறிக்குள் வரும்; உள்ளூரில் குறி இல்லாமல் வரும். அகராதிக்கு, ஸ்பானிஷ் அகாதெமிகளின் கூட்டமைப்பு வெளியிட்ட அமெரிக்க ஸ்பானிஷ் சொல்லகராதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. எந்தச் சொல் எந்த நாட்டில் என்று சுருக்கக் குறியோடு காட்டும். 'பச்சக்கேரோ'வை அதில் தேடிப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.